வைப்பைத் திருப்பிக் கொடுக்க முடியாத முதல் நாள்

2023-ல் அமெரிக்காவில் ஐந்து வங்கிகள் முறிந்தன. அந்த ஆண்டு பிறந்தபோது அங்கே வைப்புக் காப்புறுதி பெற்ற வங்கிகள் 4,700-க்குச் சற்று மேல். "எந்த வங்கியும் முறியாது" என்று ஒற்றை வரி எழுதி வைத்த புரோகிராம்கூட அந்த ஆண்டு 99.9 வீதம் சரியாகவே சொல்லியிருக்கும். ஆகவே யாராவது வந்து, இயந்திரக் கற்றலால் வங்கி முறிவைக் கணிக்கிறோம், துல்லியம் 97 வீதம் என்று சிலைடு போட்டுக் காட்டினால், எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். அரிதாக நடப்பதைக் கணிக்கும்போது துல்லியம் என்ற அளவுகோலுக்கு அர்த்தமே இல்லை.

இலங்கையின் வன்னியில் இந்தக் கணிக்கும் வேலையைத் தொடங்குபவர் முதலில் எது முறியக்கூடும் என்று பார்க்க வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நகரங்களில் இருக்கும் வங்கிக் கிளைகளின் தலைவிதி கொழும்பில் தீர்மானிக்கப்படுவது. கிளைக் கணக்கை வைத்து அதைக் கணிக்க முடியாது. இங்கே சனத்தின் கையைச் சுடக்கூடியவை வேறு. ஒன்று, நிதிக் கம்பனிகள். மற்றது, கிராமத்துச் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களும் பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கிகளும். நிதிக் கம்பனியை மத்திய வங்கி மேற்பார்வை செய்கிறது, வைப்பாளர் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதியும் உண்டு. கூட்டுறவுச் சங்கம் அந்தக் காப்புறுதித் திட்டத்துக்குள் இல்லை. காப்புறுதி இல்லாத இடத்தில்தான் முன்னெச்சரிக்கைக்குப் பெறுமதி கூட. ஆகவே இந்தக் கட்டுரையில் வங்கிகளுக்காக உருவான முறையை எடுத்துச் சங்கங்களின் கணக்கில் பொருத்திப் பார்க்கிறேன்.

முறை பழையது. 1968-ல் அமெரிக்க நிதியியல் பேராசிரியர் ஆல்ட்மன், கம்பனி முறியுமா என்று கணிக்க, ஐந்து விகிதங்களை நிறையிட்டுக் கூட்டி இசட் புள்ளி என்று ஒன்றைத் தந்தார். அது உற்பத்திக் கம்பனிகளுக்கானது. நடைமுறை மூலதனம், விற்பனை எல்லாம் அதில் வரும். கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தில் அவற்றுக்குப் பொருளில்லை. ஆனாலும் இன்றைக்கும் சிலர் வங்கிகளுக்கு இசட் புள்ளி போடுகிறார்கள். வங்கிக்கு என்று வந்தது கமெல்ஸ் (CAMELS) என்ற மேற்பார்வைப் புள்ளி முறை: மூலதனம், சொத்தின் தரம், முகாமைத்துவம், வருமானம், திரவத்தன்மை (கேட்டவுடன் காசு கொடுக்கும் வலு), சந்தை ஆபத்துக்கான உணர்திறன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. 5 என்றால் மோசம். மொடலுக்கு, அதாவது பழைய தரவில் பழக்கிக் கணிக்க வைக்கும் புரோகிராமுக்கு, கொடுக்கும் எண்கள்தான் உள்ளீடுகள். அவற்றைத் தெரிவுசெய்ய இந்த ஆறு தலைப்பும் போதும். சிக்கல் அங்கே இல்லை. எதை முறிவு என்று குறிக்கிறோம், எந்தத் திகதியில் குறிக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. எந்த அல்கோரிதம் என்ற சண்டை அதற்குப் பிறகுதான்.

ஈ.ரி.ஐ. நிதிக் கம்பனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 தொடக்கத்திலேயே மத்திய வங்கி அதன் நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தியது. உரிமம் இரத்தானது 2020 ஜூலையில். இரத்தான திகதியை முறிவாகக் குறித்தால், அதற்கு முந்திய இரண்டரை ஆண்டுக் கணக்கெல்லாம் "இன்னும் முறியாத நிறுவனம்" என்ற பெயரில் மொடலுக்குள் போகும். ஏற்கெனவே விழுந்து கிடப்பதைப் பார்த்து விழப்போகிறது என்று சொல்லப் பழகிய மொடல் பரீட்சையில் நல்ல புள்ளி எடுக்கும். ஆனால் யாரையும் காப்பாற்றாது. சங்கங்களுக்கு நான் சரியென நினைக்கும் வரையறை இது: வைப்பைத் திருப்பிக் கேட்ட அங்கத்தவருக்கு 30 நாளுக்குள் முழுத்தொகையையும் கொடுக்க முடியாமற்போன முதல் திகதி. இது எந்த வர்த்தமானியிலும் வராது. மீளப்பெறல் விண்ணப்பக் கோவை, செயற்குழுக் கூட்டக் குறிப்பு, முறைப்பாட்டுக் கடிதங்கள் மூன்றையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். "அடுத்த மாதம் கொடுப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது" என்ற ஒரு வரி கூட்டக் குறிப்பில் வந்தால் அதுதான் திகதி.

இன்னும் இரண்டு இடத்தில் குறி தவறும். நலிந்த சங்கத்தை அயல் சங்கத்தோடு இணைத்துவிட்டால் பதிவேட்டில் அது முறிந்ததாக வராது, இணைந்ததாகத்தான் வரும். இணைப்புக்கு முந்திய நான்கு காலாண்டுகளை எடுத்துப் பார்த்து, வைப்பு முடங்கியிருந்தால் முறிவு என்றே குறிக்க வேண்டும். இதற்கு நேர்மாறானது 2008, 2009. வன்னியில் இடம்பெயர்வோடு பேரேடும் அங்கத்தவரும் போன சங்கங்களை முறிவு என்று குறித்தால் மொடல் எறிகணையைப் படிக்கும், ஐந்தொகையைப் படிக்காது. 1994-ல் தொடங்கிய தமிழீழ வைப்பகம் 2009-ல் இல்லாமற்போனதும் இந்த வகைதான். அதை முடித்தது போர். இப்படியான சங்கங்களை இடம்பெயர்வுக்கு முந்திய கடைசிக் காலாண்டோடு கண்காணிப்பு நின்றதாகக் குறித்து விட்டுவிட வேண்டும். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அதே பெயரில் தொடங்கியது புதுச் சங்கம். அதன் வயதைத் தொடங்கிய நாளிலிருந்தே எண்ண வேண்டும்.

இனித் தரவுத் தாள். ஒரு சங்கம், ஒரு காலாண்டு, ஒரு வரிசை. அடையாளத்துக்குப் பதிவிலக்கம் மட்டும். பெயரை நம்பினால் ஒரே சங்கம் தமிழில் மூன்று எழுத்துக்கூட்டலிலும் ஆங்கிலத்தில் இரண்டிலும் வந்து ஐந்து சங்கமாகிவிடும். ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று திகதி தேவை: கணக்கு எந்த நாளுக்குரியது, எப்போது கணக்காய்வு முடிந்தது, எப்போது கூட்டுறவுத் திணைக்களத்தின் கைக்கு வந்தது. மொடலுக்குக் காட்ட வேண்டியது மூன்றாவது திகதியில் தெரிந்திருந்ததை மட்டுமே. டிசம்பர் 31 கணக்கு பதினான்கு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்ததென்றால், அந்தப் பதினான்கு மாதமும் அந்த எண்கள் உங்களிடம் இல்லை. கணக்காய்வாளர் பின்னால் திருத்திய எண்ணை அப்போதே தெரிந்ததுபோல் உள்ளே விட்டால் முடிவு பிரமாதமாக வரும். பொய்யாகவும் இருக்கும். பேசாமல் அந்தத் தாமதத்தையே ஓர் உள்ளீடாக்கிவிடுங்கள். கணக்கு ஒழுங்காக இருக்கிற சங்கம் அதைக் காட்டப் பிந்துவதில்லை. தாமத நாட்களின் எண்ணிக்கை பல விகிதங்களைவிட நன்றாகப் பேசும்.

தாளை நிரப்பியதும் இரண்டு சோதனை. சொத்துக்களின் கூட்டுத்தொகையும் பொறுப்பு, மூலதனம் இரண்டின் கூட்டுத்தொகையும் ஒரு வீதத்துக்குள் பொருந்த வேண்டும். போன ஆண்டின் இறுதி மீதி இந்த ஆண்டின் ஆரம்ப மீதியாக இருக்க வேண்டும். ரூபாவில் எழுதிய வரிசையும் ஆயிரம் ரூபாவில் எழுதிய வரிசையும் கலந்திருந்தால் முதலில் இங்கே அகப்படும். அதைத் திருத்திய பிறகும் ஆரம்ப மீதி பொருந்தாமல் நின்றால் அந்த வரிசையை அழித்துவிட வேண்டாம். "மீதி பொருந்தவில்லை" என்று 0 அல்லது 1 இடும் தனிப் பத்தியில், அதாவது நெடுவரிசையில், குறித்து வையுங்கள்.

விதைப்புக் காலத்தை மறந்தால் மொடல் ஆண்டுக்கு இரண்டு தடவை வீண் கூக்குரல் போடும். காலபோகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் விதைப்பு. பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை. டிசம்பர் 31-ல் ஐந்தொகையைப் பார்த்தால் கடன் முழுவதும் வெளியே நிற்கும், பெட்டி காலி. மார்ச் 31-ல் நெல் விற்ற காசு வந்து எல்லாம் அழகாகத் தெரியும். ஆகவே காலாண்டுக்குக் காலாண்டு ஒப்பிடக் கூடாது. டிசம்பரைப் போன டிசம்பரோடு ஒப்பிட வேண்டும். மீனவர் சங்கத்துக்கு இந்தக் கணக்கு வேறு. முல்லைத்தீவுக் கரையில் வடகீழ்ப் பருவக் காற்று அடிக்கும் மாதங்கள்தான் கைவறண்ட மாதங்கள். நெல்லுக்கும் கடலுக்கும் ஒரே பருவத் திருத்தத்தைப் போட்டால் இரண்டும் கெடும்.

இப்போது சொத்தின் தரம். வரவேண்டிய தவணை எவ்வளவு பிந்திக் கிடக்கிறது என்பதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். நலிந்த சங்கத்தில் அந்த எண் சுத்தமாக இருக்கும். ஏன் என்று ஒரு பேரேட்டுப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். அங்கத்தவர் ஒருவர் 18 வீத வட்டிக்கு 200,000 ரூபா எடுத்தார். பன்னிரண்டு மாதத்தில் ஒரு சதமும் கட்டவில்லை. வட்டி 36,000. தவணை முடியும் நாளில் காசேட்டின் வரவுப் பக்கத்தில் 236,000 ரூபா வருகிறது: முதலும் வட்டியும் கட்டித் தீர்த்தாயிற்று. அதே நாளில் செலவுப் பக்கத்தில் அதே அங்கத்துவ இலக்கத்துக்கு 236,000 ரூபா புதுக்கடன். பெட்டியில் ஒரு ரூபாகூட அசையவில்லை. ஆனால் பிந்திய கடன் பூச்சியம்; 36,000 வட்டி வருமானமாகப் பதிவாகிவிட்டது; அந்த இலாபத்திலிருந்து பங்கிலாபமும் பிரிக்கப்படும். அடுத்த ஆண்டு அந்தக் கடன் 278,480 ஆகும், அதற்கடுத்த ஆண்டு 328,000 தாண்டும். சங்கம் வளர்வதுபோலத் தெரியும்.

இதை மொடலுக்குப் பிடித்துக் கொடுப்பது கடினமில்லை. கடன் தீர்ந்த பதிவுகளையும் புதுக்கடன் பதிவுகளையும் அங்கத்துவ இலக்கத்தால் சோடி சேருங்கள். தீர்ந்து 7 நாளுக்குள் புதுக்கடன், அதன் தொகை பழைய முதலின் 1 முதல் 1.35 மடங்குக்குள் என்றால் அது சுற்றிவிட்ட கடன். காலாண்டில் கொடுத்த மொத்தக் கடனில் இப்படிச் சுற்றியது எத்தனை வீதம் என்பது ஓர் உள்ளீடு. மார்ச்சில் கட்டி, சிறுபோகத்துக்கு மே மாதம் மறுபடி எடுக்கும் விவசாயி இதில் அகப்பட மாட்டார். இடையில் வாரங்கள் இருக்கின்றன. கூடவே இன்னொன்று: கையில் காசாக வந்த வட்டி, பதிவான வட்டி வருமானத்தில் எத்தனை வீதம். பேரேட்டைத் தட்டச்சுச் செய்ய ஆளில்லாவிட்டால் இந்த இரண்டாவதை மட்டுமாவது எடுங்கள். எனக்கு ஒரே ஓர் எண்தான் தரலாம் என்று சொன்னால் இதைத்தான் கேட்பேன்.

மூலதனத்தில் ஒரு பொறி உண்டு. வங்கியில் பங்குதாரர் தன் பங்கைச் சந்தையில் விற்கலாம், வங்கியிடம் காசு கேட்க முடியாது. சங்கத்தில் அங்கத்தவர் விலகினால் பங்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். நெருக்கடியில் முதலில் கரைவது அதுதான். ஆகவே பங்குப் பணத்தைக் கழித்துவிட்டு, ஒதுக்கு நிதியை மட்டும் மொத்தச் சொத்தால் வகுத்துப் பாருங்கள். 9 வீதம் என்று நிமிர்ந்து நின்ற விகிதம் 2 வீதத்துக்கு இறங்குவதும் உண்டு.

திரவத்தன்மைக்கு 2023-ல் முறிந்த அமெரிக்காவின் சிலிக்கன் வலி (Silicon Valley) வங்கி நல்ல பாடம். 2022 முடிவில் அதன் மூலதனம் ஏறக்குறைய 16 பில்லியன் டொலர். முதிர்வு வரை வைத்திருப்போம் என்று ஒதுக்கிய கடன்பத்திரங்களில் ஐந்தொகைக்கு வராத நட்டம் ஏறக்குறைய 15 பில்லியன். வைப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காப்புறுதி எல்லைக்கு வெளியே. மூலதன விகிதத்தை மட்டும் படித்த மொடலுக்கு அது நோஞ்சானாகத் தெரிந்திருக்காது. மார்ச் 9 அன்று ஒரே நாளில் 42 பில்லியன் வெளியே போயிற்று. சங்கத்தில் கடன்பத்திரம் இல்லை, ஆனால் வைப்பாளர் குவிவு இருக்கிறது: கோயில் பரிபாலன சபையின் நிலையான வைப்பு, பழைய மாணவர் சங்கத்தின் கட்டட நிதி, வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசு. முதல் பத்து வைப்பாளர்களின் வைப்புத் தொகையையும் அடுத்த 90 நாளில் முதிரும் வைப்பையும் கூட்டி, கையிருப்புக் காசு, வங்கி மீதி இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து ஓர் உள்ளீடாக்குங்கள். அது 3-க்கு மேல் போனால், கோயில் கும்பாபிஷேகத்துக்குத் திகதி குறித்தாலே சங்கம் ஆட்டம் காணும்.

வைப்பு வட்டி இரு பக்கமும் வெட்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியது. அந்த ஆண்டுக் கடைசியில் அரசாங்கம் குறுங்காலக் கடன் பெறும் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தைச் சுற்றி நின்றது. பழைய வட்டியிலேயே நின்ற சங்கத்திலிருந்து வைப்பு ஓடும். அயலைவிட மிகக் கூடக் கொடுக்கும் சங்கத்துக்குக் காசு அவசரம் என்று பொருள். ஆகவே அரச வங்கியின் ஓராண்டு வைப்பு வட்டியிலிருந்து உள்ள வித்தியாசத்தை மேலே, கீழே என இரண்டு பத்தியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கடன் வளர்ச்சியும் அப்படித்தான். சுருங்கினாலும் ஆபத்து, ஓராண்டில் இரட்டித்தாலும் ஆபத்து. அடகு நல்ல பிணை, தங்கம் விழாத வரைக்கும். 2013 ஏப்ரல் நடுவில் உலகச் சந்தையில் இரண்டே வியாபார நாளில் தங்கம் பத்து வீதத்துக்கு மேல் விழுந்தது. பவுணுக்கு உச்சத்தில் கொடுத்த இடங்களில் சனம் நகையை மீட்க வரவில்லை.

கடன் தவணையை ஒத்திவைத்த காலத்தைத் தனியாகக் கவனியுங்கள். 2020, 2021 கொவிட் சலுகையில் கட்டாத கடனும் கட்டியதுபோல நின்றது. அந்தக் காலாண்டுகளில் பிந்திய கடன் விகிதத்தை வெறுமையாக விட்டு, சலுகைக் காலம் என்ற குறியைப் போட்டால் போதும்; பூச்சியம் என்று நிரப்பினால் மொடல் பூச்சியத்தைப் பார்த்துப் பயப்படப் பழகும்.

மொடல் என்று வந்தால் லொஜிஸ்டிக் ரிக்ரஷனில் தொடங்குங்கள்: ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் குணகம் என்ற ஒரு நிறையைக் கொடுத்து நிகழ்தகவைச் சொல்லும் எளிய முறை. "அடுத்த நான்கு காலாண்டுக்குள் முறியுமா" என்பதே கேள்வி. ஒரு முறிவுக்கு முன்னால் நான்கு வரிசைகளில் 1, அதாவது ஆம், என்று விழும். அதனால் நான்கு முறிவு கிடைத்துவிட்டதென்று எண்ண வேண்டாம், கிடைத்தது ஒன்றுதான். இருபது முறிவு கையில் இருந்தால் பத்து முறிவுக்கு ஓர் உள்ளீடு என்ற பழைய சூத்திரப்படி இரண்டு உள்ளீடுதான் தாங்கும். ஆறு எட்டு வைக்க வேண்டுமென்றால் குணகங்களுக்குக் கடிவாளம் போட வேண்டும்: குணகம் பெருக்கப் பெருக்கத் தண்டிக்கும் எல்-2 தண்டம், அல்லது அரிதான நிகழ்வுக்கென்று உள்ள ஃபர்த் திருத்தம். அமெரிக்க வங்கிகளின் காலாண்டு அறிக்கைகளும் முறிந்த வங்கிப் பட்டியலும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2009-ல் 140, 2010-ல் 157 என்று முறிவுக்குக் குறைவில்லை. அதில் பழக்கிய மொடலை அப்படியே தூக்கிவந்து புதுக்குடியிருப்பில் வைக்க முடியாது. குணகம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்ற அறிவை மட்டும் எடுத்து வந்து, முற்கோளாக, அதாவது தரவைப் பார்க்குமுன் கொள்ளும் எதிர்பார்ப்பாக, இறுக்கமின்றி வைக்கலாம்.

பிறகு வேண்டுமானால் எக்ஸ்ஜிபூஸ்ட்: ஆம், இல்லை என்று கிளைபிரியும் சிறு முடிவு மரங்கள் பலவற்றைச் சேர்த்துக் கணிக்கும் முறை. மர ஆழம் 2 அல்லது 3, கற்றல் வேகம் 0.05, சுற்றிய கடன் கூடினால் ஆபத்து குறையக் கூடாது என்பதுபோன்ற ஒருதிசைக் கட்டுப்பாடு கட்டாயம். கடன் வளர்ச்சிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டைப் போடாதீர்கள்; காரணம் மேலே சொன்னது. ஸ்மோட் என்ற பெயரில் முறிந்த இரண்டு சங்கங்களுக்கு நடுவே இல்லாத மூன்றாவது சங்கத்தைச் செய்து சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒன்று களவால் முறிந்தது, மற்றது வெள்ளத்தால் முறிந்தது என்றால் நடுவில் இருப்பது என்ன? முறிவு வரிசைகளின் நிறையைக் கூட்டலாம், ஆனால் அதன்பின் வரும் நிகழ்தகவு ஊதிப்போயிருக்கும். பிளாட் முறையில், அதாவது மெய்யாக நடந்த முறிவுகளோடு பொருத்தி, அதை மறுபடி அளவு திருத்த வேண்டும்.

சோதிப்பதில்தான் பலர் தம்மைத் தாமே ஏமாற்றுகிறார்கள். வரிசைகளைக் குலுக்கிப் பழக்க 80, சோதிக்க 20 என்று பிரித்தால் ஒரே சங்கம் இரண்டு பக்கமும் நிற்கும். சங்கத்தால் பிரித்தாலும் போதாது. இரணைமடுக் குளத்தின் கீழ் விதைக்கும் சங்கங்கள் ஒரே தண்ணீரில் எழும்பும், ஒரே தண்ணீரில் தாழும். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் ஒரே இரவில் அடித்தது. 2021-ல் இரசாயன உரத் தடை வந்தபோது எல்லாக் குளத்து வயலும் அடிபட்டது. ஆகவே குளத்தால் பிரிக்க வேண்டும்: இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து மற்றவற்றில் பழக்கிப் பாருங்கள். தனியாக, 2019 வரை பழக்கி 2020-க்குப் பிறகு சோதியுங்கள். புள்ளி விழத்தான் செய்யும். விழுந்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான புள்ளி. சிறுபோகத்துக்கு ஒதுக்கிய ஏக்கரும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையும் உள்ளீடாக இருந்தால் புள்ளி விழுவது குறையும். செய்மதி மழைத் தரவு 1981-லிருந்து இலவசமாக உண்டு.

எத்தனை பேருக்கு மணி அடிப்பது? 120 சங்கம், ஆண்டுக்கு 3 வீதம் முறிவு என்று வைத்துக்கொள்வோம். முறிவில் 80 வீதத்தைப் பிடித்து, நல்லதில் 10 வீதத்தை மட்டும் தவறாகச் சந்தேகிக்கும் மொடல் என்றால் அது நல்ல மொடல். அதுவும் ஏறக்குறைய 15 சங்கத்தைக் காட்டும். அதில் மெய்யானது 3. கூட்டுறவுப் பரிசோதகர் காலாண்டுக்கு 8 சங்கம்தான் போய்ப் பார்க்க முடியுமென்றால், முதல் எட்டில் எத்தனை மெய் என்பதே உங்கள் அளவுகோல். எத்தனை மாதம் முந்தித் தெரிந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மாதம் முந்தித் தெரிந்தால் செய்யக்கூடியது குறைவு. ஓர் ஆண்டென்றால் கடனை நிறுத்தி அறவிட நேரமுண்டு.

பட்டியல் வெளியே போகக் கூடாது. பதினைந்தில் பன்னிரண்டு நல்ல சங்கம் என்பதை வாட்ஸ்அப்பில் வந்த படம் சொல்லாது; காலையில் வாசலில் வரிசை நிற்கும், நல்லதும் விழும். 7 நாள் சோதனையும் வெளியே தெரிந்தால் பத்தாவது நாளில் புதுக்கடன் போகும், அல்லது மனைவியின் அங்கத்துவ இலக்கத்தில் போகும். ஆகவே ஆண்டுக்கொரு தடவை நாள் எல்லையை மாற்றி, பிணையாளி, முகவரி வழியாகவும் சோடி தேட வேண்டும்.

முதல் எட்டில் வந்த சங்கத்துக்குப் போகும் பரிசோதகர் அன்றைக்கே செய்யக்கூடியது மூன்று. சொல்லாமல் போய்ப் பெட்டிக் காசை எண்ணிக் காசேட்டோடு ஒப்பிடுவது. தீர்ந்த பெரிய கடன்கள் பத்தின் பற்றுச்சீட்டையும் அதே வாரத்துப் புதுக்கடன் வவுச்சரையும் பக்கத்தில் வைத்துக் கையெழுத்தைப் பார்ப்பது. பிறகு அங்கத்தவர் இருபது பேரின் சேமிப்புப் புத்தகத்தை வீட்டில் வாங்கிப் பேரேட்டோடு ஒப்பிடுவது. அந்த இருபது பேரையும் பரிசோதகர்தான் தெரிவுசெய்ய வேண்டும், முகாமையாளர் அல்ல. கண்டதை ஆம், இல்லை என்று மூன்று பத்தியில் எழுதி அடுத்த காலாண்டுத் தரவுத் தாளில் சேர்த்துவிடுங்கள். தவறாகச் சந்தேகித்த சங்கங்களுக்கும் அதே மூன்று பத்தி நிரம்பியிருக்க வேண்டும்.